துண்டுக்குள் பேச்சு

பஸ் செக்கானூரணியைத் தாண்டியதும் செல்லக்கிளி தன் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறுவாள். அப்பாவின் மடியில் விரிப்பாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வலது கையைத் துண்டுக்கு அடியில் நுழைப்பாள். சிவனாண்டியின் கையும் உள்ளே போகும். துணி கொஞ்ச நேரம் அசையும், நிற்கும், மறுபடி அசையும். மகள் தலையை ஆட்டுவாள். அப்பா உதட்டைப் பிதுக்குவார். நாகமலை நெருங்கும்போது இருவரும் கையை வெளியே எடுத்துவிடுவார்கள். துண்டு திரும்ப மகளின் தோளுக்குப் போகும். அன்றைக்குப் போடப்போகிற ஊசி எவ்வளவு வலிக்கும் என்பதைப் பேசி முடித்திருப்பார்கள்.

சிவனாண்டி மாட்டுத் தரகர். ஊர் எழுமலைக்குப் பக்கம், தொழில் உசிலம்பட்டிச் சந்தையில். மாட்டின் விலையை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவருடைய துண்டு இருவர் கைகளையும் மூடியிருக்கும். உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். எத்தனை விரல், முழு விரலா, கணு வரைக்குமா என்பதில் எல்லாம் அடங்கிவிடும். சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு முகங்கள் மட்டும்தான் தெரியும். அந்த முகங்களில் எதுவும் இருக்காது. மாட்டின் வயதைப் பற்றியும் பாலைப் பற்றியும் குணத்தைப் பற்றியும் வாயால் என்ன வேண்டுமானாலும் அளக்கலாம். அதற்குத் தடை இல்லை.

“வாயில ஆயிரம் சொல்லுவோம் சார். துண்டுக்குள்ள மட்டும் பொய் கிடையாது” என்பார் சிவனாண்டி.

தரகர் என்றால் தோளில் துண்டு இருக்கும். இவருக்கு நெடுநாள் இருக்கவில்லை. வெறும் தோளோடுதான் சந்தைக்குப் போனார். எதிராளியின் துண்டுக்குள் கைவிட்டு வியாபாரம் பேசினார். “என்ன மாப்ள, துண்ட அடகு வச்சிட்டியா?” என்று கேட்கிறவர்களிடம், “ஆமா, மக கிட்ட” என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டின் வாயைப் பிளந்து பல் பார்க்கப் போய்விடுவார். கேட்டவர்கள் அதை வேடிக்கை என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் செக்கானூரணியில் பஸ் ஏறுகிறவன். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில், ரத்தம் பார்க்கும் அறையில் வேலை. அப்பாவும் மகளும் ஆஸ்பத்திரிக்கு வரும் நாட்களில் எனக்கு முன்சீட்டில் இருப்பார்கள். பிறகு எங்கள் அறை வாசல் பெஞ்சில் இருப்பார்கள். சாயங்காலம் பெரும்பாலும் அதே பஸ்ஸில் திரும்புவோம்.

சிவனாண்டி ஒடிசலான, கறுத்த ஆள். சந்தையில் கத்திக் கத்தித் தொண்டை நிரந்தரமாகக் கட்டிப் போயிருக்கிறது. ரகசியம் சொன்னால்கூட உறுமுவதுபோல இருக்கும். யாரையும் காலில் தொடங்கித்தான் பார்ப்பார். புதிதாக ஒருவர் எதிரே வந்தால் அவருடைய கண் முதலில் பாதத்துக்குப் போகும், அங்கிருந்து முழங்காலுக்கு, இடுப்புக்கு. முகத்துக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். மகளின் நோயையும் அப்படித்தான் முதலில் கண்டார். எண்பத்திரண்டில் மழை பொய்த்து, தீவனம் இல்லாமல் சந்தையில் மாடுகள் வந்து குவிந்துகொண்டிருந்த சமயம். வீட்டு வாசலில் தண்ணீர்க் குடத்தோடு போன மகளைப் பார்த்து மனைவி முத்துத்தாயிடம், “இவ நடை சரியில்ல. ஊண்டுற கால் ஊண்டல” என்றார். “ஒங்களுக்கு எதப் பாத்தாலும் மாடுதான்” என்று முத்துத்தாய் சொன்னாள். அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. காலில் அடிபடாமலே நீலம் பாய்ந்தது. உசிலம்பட்டி டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பிவிட்டார்.

ரத்தப் புற்றுநோய். எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டைப் பார்க்கிற டாக்டரம்மா இளவயதுக்காரர், மறைத்துப் பேசத் தெரியாதவர். வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். சிவனாண்டி அவருடைய செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொல்லி முடித்ததும் கேட்டார்:

“தேறுமா தாயி?”

“பாதிக்குப் பாதிதான் சொல்ல முடியும்.”

“சரி. நான் எப்பவும் பாதியில இருந்துதான் பேச ஆரம்பிப்பேன்.”

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. வெளியே வந்த பிறகு, “ஏன் கீழேயே பாத்துக்கிட்டு இருந்தீங்க?” என்று கேட்டேன். “முகத்தப் பாத்துருந்தா அந்த எடத்துலயே உக்காந்துருப்பேன் சார்” என்றார். அடுத்த நிமிஷமே, “செருப்பு அவுகளுக்குக் கடிக்குது. எடது காலத் தூக்கித் தூக்கி வைக்கிறாக” என்றார்.

வேண்டும் என்று நினைக்கிற மாட்டை நன்றாக இருக்கிறது என்று தரகர் சொல்லக் கூடாது. சொன்னால் கைவிட்டுப் போய்விடும். மகளைப் பற்றியும் அவர் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. மூக்கு சப்பை, பிடிவாதம் ஜாஸ்தி, பல் வரிசையில்லை, முத்துத்தாய் வீட்டுக் கோபம் அப்படியே வந்திருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர்கள் ஆரம்பத்தில் இந்த மனுஷனுக்குப் பெண் குழந்தை என்றால் ஆகாது போல என்று பேசிக்கொண்டார்கள். அவளுக்குக் கொடுத்த மாத்திரை ஒன்றில் பசி பேயாகக் கிளம்பும். காலையில் இட்லி, இடையில் இட்லி, மத்தியானம் சோறு, சோறு முடிந்ததும் “யப்பா, பன்னு.” முகம் பூசணிக்காயாக உப்பியது. ஊருக்குப் போனபோது சொந்தக்காரர்கள் கன்னத்தைக் கிள்ளி, “ஆஸ்பத்திரிச் சோறு நல்லாத்தான் ஒட்டுது” என்று சந்தோஷப்பட்டார்கள். சிவனாண்டிக்கு அதில் சந்தோஷம் இல்லை. சந்தைக்கு ஓட்டி வரும் முன்னால் மாட்டுக்கு வயிறு முட்டத் தண்ணீர் காட்டுவார்கள், ஒட்டிய விலா தெரியாமல் இருக்க. “தண்ணி காட்டுன சதை எனக்குத் தெரியாதா? இது நெசச் சதை இல்ல. நெசச் சதை வரட்டும், அப்பப் பேசிக்கலாம்.”

துண்டு அவர்களுக்குள் வந்தது ஒரு எறும்பால். முதல் வாரம் நர்சம்மா ஒருவர் நல்ல மனதோடு, “எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்” என்று சொல்லி ஊசி போட்டார். செல்லக்கிளி கத்தி முடித்த பிறகு, மூச்சை இழுத்து இழுத்து, “எந்த ஊரு எறும்பு?” என்று கேட்டாள். வார்டே சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு வெள்ளை உடுப்பில் யார் என்ன சொன்னாலும் அவள் நம்பவில்லை. கையைக் கொடுக்கவில்லை. மூன்று பேர் பிடித்து அமுக்க வேண்டியிருந்தது.

மறு வாரம் சிவனாண்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “இங்க பாரு ஆத்தா. நானும் நீயும் யாவாரிக. துண்டுக்குள்ள கைய விடு. வலி எம்புட்டுன்னு நான் வெரலப் பிடிச்சுச் சொல்றேன். அதுக்கு மேல வலிச்சா எங்கிட்ட கேளு.” சந்தையின் சட்டங்களையும் அப்போதே சொல்லிக் கொடுத்தார். துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்லக் கூடாது. துண்டுக்குள் பொய் சொல்லக் கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்பதையும் கதையாகச் சொன்னார். பொய் சொன்ன தரகன் சந்தை நடுவில், எல்லோரும் பார்க்க, தன் துண்டைத் தரையில் போட வேண்டும். ஏமாந்தவன் அதை எடுத்து அவன் தோளில் போட்டால்தான் மறுபடி அவன் தரகன். எடுக்காவிட்டால் துண்டு அங்கேயே கிடக்கும். மாடு மிதித்துப் போகும்.

கையில் போடும் ஊசிக்கு இரண்டு விரல். எங்கள் அறையில் விரல் நுனியில் குத்துவதற்கு ஒரு கணு. அவள் ஒத்துக்கொண்டால் தலையாட்டுவாள். அதிகம் என்று தோன்றினால் அவருடைய விரலை மடக்கிவிடுவாள். பேசி முடித்த வலிக்கு அவள் அழுவதில்லை. எங்கள் அறைக்கு வந்து சுண்டுவிரலை நீட்டி, “இதுல குத்துங்க. மத்ததெல்லாம் யாவாரத்துக்கு வேணும்” என்பாள்.

அந்தச் சமயத்தில் ரத்தம் தேவைப்பட்டது. ரத்தம் கொடுத்தால் ஆள் தளர்ந்துவிடுவான், ஏர் பிடிக்க முடியாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. சொந்தக்காரர்கள் வந்தார்கள், ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்கள், போனார்கள். சிவனாண்டி சந்தைக்குப் போய் நின்றார். தேவையை முகத்தில் காட்டாமலே இருபது வருஷம் பிழைத்த மனுஷன். கேட்க வாய் வரவில்லை. அங்கே சங்கிலி என்று இன்னொரு தரகர். ஒரு ஜோடிக் காளை விஷயத்தில் இருவருக்கும் சண்டை வந்து, முகம் பார்த்துப் பேசாமல் இருந்தார்கள். விஷயம் காதுக்கு எட்டியிருந்த அந்தச் சங்கிலி நேரே வந்து, ஒன்றும் சொல்லாமல், தன் துண்டை இவர் கை மேல் போட்டு உள்ளே கையை விட்டார். எத்தனை பேர் வேண்டும் என்று கேட்கிறார் என்பது இவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு சங்கிலியின் விரல்களைப் பிடித்தார்.

மறுநாள் எங்கள் வராந்தா முழுக்கச் சாணி வாசனை. தோளில் துண்டு போட்ட ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலிதான் முதலில் படுத்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, “முடிஞ்சதும் சொல்லுங்க” என்றார். முடிந்தது என்றதும் எழுந்து புட்டியைப் பார்த்தார்.

“இம்புட்டுத்தானா? இதுக்கா இந்தப் பயலுக பயந்து செத்தாங்கெ?”

“நீயுந்தானப்பா கண்ண மூடுன” என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

“ஏலே, நான் சாமி கும்பிட்டேன்டா.”

சிவனாண்டி சுவரோரமாக நின்று அவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு முழுக்க முகத்துக்கு வரவே இல்லை. நன்றி என்ற வார்த்தை அவர் வாயில் வராது. இப்போதும் மகள் எதிர்த்துப் பேசினால், “சங்கிலி ரத்தம். அதான் இம்புட்டு வாயி” என்பார். சந்தையில் சங்கிலியோடு பேரம் பேச உட்கார்ந்தால் தோற்றுத்தான் எழுந்திருக்கிறார். “அவன் கையப் பிடிச்சா மக கையப் பிடிச்ச மாதிரி இருக்கு சார். எங்குட்டு வெலையக் கொறைக்க?”

பொய் அதற்குப் பிறகு நடந்தது.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. நோய் தலைக்குள் போய் ஒளிந்துகொள்ளாமல் இருக்க அது கட்டாயம். டாக்டரம்மா ஊசியை எடுத்துக் காட்டி விளக்கினார். சிவனாண்டி பார்த்தார். வார்டுக்கு வந்து மகளிடம் உட்கார்ந்தார். செல்லக்கிளி துண்டுக்குள் கையை விட்டு, அவர் விரலைத் தட்டிக் கேட்டாள். அவர் இரண்டு விரலைப் பிடித்தார். கையில் போடுகிற ஊசிக்குச் சொன்ன அதே இரண்டு.

உள்ளே அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்கால் மோவாயில் இடிக்கும்படி வளைத்துப் பிடித்தார்கள். குழந்தை அசைந்துவிட்டது. மறுபடி குத்த வேண்டியிருந்தது. சிவனாண்டி கால் பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு கட்டத்தில் கத்துவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள் என்று பிறகு சொன்னார். “அடிபட்ட மாடு அப்பிடிப் பாக்காது சார். அது எதிர்பார்த்துருக்கும். இவ எதிர்பார்க்கல.”

வெளியே கொண்டுவந்து மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். அவர் துண்டை விரித்துக் கையை நீட்டினார். செல்லக்கிளி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஊசி நாளில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டில் கம்பியைப் பிடித்தவள் விடவில்லை. டாக்டரம்மாவைக் கடித்துவிட்டாள். “இந்த ஆட்டத்துல முதுகுல ஊசி போட முடியாது. ஆபத்து” என்றார் டாக்டரம்மா. “ஆனா தள்ளிப் போட்டா இத்தனை நாள் குடுத்த மருந்தெல்லாம் வீணாயிடும். நாளைக்கு எப்படியாவது போட்டாகணும்.” அன்று அவர்கள் வார்டிலேயே தங்கினார்கள்.

மறுநாள் காலையில் ரத்தம் எடுக்க நான் வார்டுக்குப் போனபோது எல்லாக் கட்டில்காரர்களும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லக்கிளியின் கட்டிலுக்கு முன்னால், நடைபாதையில், சிவனாண்டியின் துண்டு விரித்துக் கிடந்தது. அவர் வெறும் தோளோடு, கைகட்டி, துண்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“ரெண்டுன்னு சொன்னேன். அது பொய்யி” என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. “மனசு கேக்கல, சொல்லிட்டேன். பொய் பொய்யிதான். இந்தா போட்டுட்டேன்.”

செல்லக்கிளி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் துண்டை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள். நானும் தாண்டினேன். ஆயா சோணையம்மாள் விளக்குமாறோடு வந்தார்.

“ஏம்ப்பா, துண்டு கீழ கெடக்கு.”

“கெடக்கட்டுங்க்கா.”

“கூட்டணும்ல?”

“சுத்திக் கூட்டுங்க.”

சோணையம்மாள் அப்பாவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சுற்றிக் கூட்டினார். பிறகு பினாயில் தண்ணீரும் வாளியுமாக வந்தார். வழக்கமாக வார்டை அந்தக் கோடியிலிருந்து துடைத்துக்கொண்டு வருவார். அன்றைக்கு இந்தக் கட்டிலில் தொடங்கினார். வாளித் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே சாய்த்தார். அது துண்டை நோக்கி மெதுவாக ஓடியது. சிவனாண்டி அசையவில்லை.

“நனையப் போகுது” என்றாள் செல்லக்கிளி.

தண்ணீர் இன்னும் நெருங்கியது.

“யப்பா, நனையப் போகுது!”

“நான் எடுக்கப்படாதுத்தா.”

அவள் கட்டிலிலிருந்து இறங்கினாள். முடியெல்லாம் கொட்டிப்போய் தலை மொழுக்கென்று இருந்த சமயம் அது. துண்டை எடுத்தாள். ஈரமான முனையைப் பிழிந்தாள். அப்பாவின் தோளில் போடுவாள் என்று வார்டே எதிர்பார்த்தது. தன் தோளில் போட்டுக்கொண்டாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

“இது எங்கிட்டத்தான் இருக்கும். யாவாரத்துக்கு மட்டும் விரிப்பேன்.”

“சரித்தா.”

“இப்ப நெசத்தச் சொல்லு.”

விரித்தாள். அவர் உள்ளே கைவிட்டார். எத்தனை விரல் பிடித்தார் என்று எங்களுக்குத் தெரியாது. அவள் முகம் வெளுத்தது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு தலையாட்டினாள். அன்று முதுகில் ஊசி போடும்போது அவள் அழுதாள், ஆனால் அசையவில்லை.

சோழவந்தான் பக்கத்தில் சோணையம்மாளுக்கு வீடு. வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்க்கிற புருஷன். ஒரு பால் மாடு வாங்க வேண்டும் என்று அந்தம்மா பலரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சிவனாண்டி ஊர் ஊராக அலைந்து ஒரு செவலைப் பசுவைப் பிடித்தார். கொண்டுபோய் விட ஆளனுப்பலாம், அனுப்பவில்லை. தானே கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் அவர் வீட்டு முளையில் கட்டினார். அப்போதும் மாட்டைப் பற்றிக் குறையாகத்தான் சொன்னார். கொம்பு கோணல், வால் குட்டை. “பாலு கறக்கலன்னா வார்டுக்கே வந்து ஒந் தோளப் பிடிச்சு உலுக்குவேன்” என்றார் சோணையம்மாள். “தோளுதான இருக்கு, துண்டு இல்லையே. உலுக்குங்க” என்றார் இவர். பசு நன்றாகக் கறக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம், “கோணக் கொம்பு மாடுல்ல” என்பார்.

அப்புறம் கரண்டு வைக்கும் அறை. தலைக்குக் கதிர் கொடுக்கிற பெரிய இயந்திரம். அந்த அறையில் குழந்தை தனியாக, அசையாமல் படுத்திருக்க வேண்டும். தகப்பனுக்கும் அனுமதி இல்லை. கனமான கதவு மூடிவிடும். முதல் நாள் செல்லக்கிளி கதவைப் பார்த்தாள்.

“நீ வரலேன்னா யாரு கூடப் பேசுறது?”

சிவனாண்டி யோசித்தார். “வலது கை வாங்குறவன். எடது கை விக்கிறவன். ரெண்டையும் துண்டுக்குள்ள விட்டுப் பேசவிடு. முகத்துல ஒண்ணும் காட்டப்படாது. தலைய ஆட்டிட்டா யாவாரம் கெட்டுச்சு.”

உள்ளே போய், வயிற்றில் துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் அதற்குள் விட்டுப் படுத்தாள். அந்த அறையில் அவ்வளவு சின்னக் குழந்தை மயக்க மருந்தில்லாமல் அசையாமல் கிடந்ததைப் பார்த்து இயந்திரக்காரர் ஆச்சரியப்பட்டார். கதவு திறந்ததும் அப்பா கேட்டார்:

“எம்புட்டுக்கு முடிஞ்சுச்சு?”

“முடியலப்பா. ரெண்டு கையும் எறங்கி வரமாட்டேங்குது. நாளைக்குப் பேசிக்கலாம்னு சொல்லிட்டேன்.”

அவர் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே வராந்தாவின் கடைசி வரைக்கும் போய், சுவரைப் பார்த்து நின்றுவிட்டு, முகத்தைத் துடைக்கத் தோளைத் தடவினார். துண்டு இல்லை. வேட்டி நுனியை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்தார்.

முடி மறுபடி முளைத்தது. முன்பைவிடச் சுருட்டையாக. செல்லக்கிளிக்கு உச்சியில் இரட்டைச் சுழி இருந்ததாம். முளைத்த முடியில் அதைத் தேடி ஒருநாள் எங்கள் அறை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இருக்கா?” என்று கேட்டேன். “இருக்கு. ஒண்ணு கொஞ்சம் ஒதுங்கி நிக்குது” என்றார், குறை சொல்கிற குரலில். மாடாக இருந்தால் அதற்கு என்ன பலன் என்று கேட்டேன். “மாட்டுக்குப் பலன் சொல்லுவேன். இதுக்கு இருந்தாப் போதும்.”

சென்ற மாதம் டாக்டரம்மா மருந்துகளை நிறுத்தினார். என் அறையிலிருந்து போன ரத்தக் கணக்கை மறுபடி மறுபடி பார்த்துவிட்டு, “இனி ஊசி கிடையாது. மாத்திரை கிடையாது. வந்து ரத்தம் மட்டும் காட்டிட்டுப் போகணும். காய்ச்சல் வந்தா அன்னைக்கே வரணும்” என்றார். முத்துத்தாயும் அன்றைக்கு வந்திருந்தாள். டாக்டரம்மாவின் காலில் விழப் போனாள். அவர் பதறிப் பிடித்துத் தூக்கினார். சிவனாண்டி வழக்கம்போலக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“செருப்பு இன்னும் மாத்தலையா தாயி? கடிக்கிற செருப்ப வச்சுக்கிட்டு எம்புட்டு வருசந்தான் நடப்பீக?”

டாக்டரம்மா தன் காலைப் பார்த்தார். சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

முத்துத்தாய் கோயிலுக்குப் போய்விட்டுப் பின்னால் வருவதாகச் சொல்லித் தன் தங்கையோடு போனாள். அப்பாவும் மகளும் எப்போதும் வரும் பஸ்ஸில் ஏறினார்கள். கூட்டம் இல்லை. நான் பின்சீட்டில் இருந்தேன். செல்லக்கிளி பன் தின்றாள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பில் உட்காரவைப்பார்கள் என்று கேட்டாள். நாகமலை பின்னால் போனது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்:

“யப்பா, அது திரும்ப வருமா?”

சிவனாண்டி வாயைத் திறந்தார். கிழட்டு மாட்டை இளசு என்று சத்தியம் செய்யத் தெரிந்த வாய் அது. மூடிக்கொண்டார். கை தானாகத் தோளுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் இறங்கியது.

மகள் அதைப் பார்த்தாள். தன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி அவர் மடியில் விரித்தாள். கையை நுழைத்தாள். அவரும் நுழைத்தார். நான் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

“என்னப்பா, ஒரு வெரலையும் பிடிக்கல?”

“எனக்குத் தெரியலத்தா.”

“டாக்டரம்மாவுக்கு?”

“அவுகளுக்கும் தெரியாது. தெரியாததுக்கு எந்த வெரலப் பிடிக்க?”

அவள் கையை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. கண்டக்டர் செக்கானூரணி என்று குரல் கொடுத்தார். நான் எழுந்தேன்.

செல்லக்கிளி சீட்டில் முழங்கால் போட்டு எழும்பினாள். துண்டை நீளவாக்கில் மடித்தாள். பஸ் குலுக்கலில் ஒரு கையால் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதை அவர் தோளில் போட்டாள். சரியாக விழவில்லை. ஒரு முனை முன்பக்கம் இடுப்பு வரைக்கும் தொங்கியது, மறுமுனை பின்னால் கொஞ்சம்தான் இருந்தது. எந்நேரமும் நழுவிவிடும் போல இருந்தது. சிவனாண்டி அதைச் சரி செய்யவில்லை. நான் இறங்கி, பஸ் கிளம்பி, ஜன்னல் என்னைக் கடந்துபோனபோதும், துண்டு விழுந்துவிடாமல் இருக்கத் தோளை ஒரு பக்கமாக உயர்த்திப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.